அலுவலக ஆங்கிலம்: எழுத வருகிறது, கூட்டத்தில் கதைக்க வருவதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை நண்பர்களின் அனுபவத்தைக் கேட்கிறேன்

வாவிக்கரையான் (மட்டக்களப்பு):

வணக்கம். தனியார் நிறுவனமொன்றின் மட்டக்களப்புக் கிளையில், கணக்குப் பிரிவில் கடமையாற்றுகிறேன். தலைமைக் காரியாலயம் கொழும்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வருகின்ற கடிதங்களும் அறிக்கைகளும் எனக்கு விளங்குகின்றன. மின்னஞ்சலையும், சற்று நேரமெடுத்தாலும், பெரிய பிழைகளின்றி எழுதிவிடுவேன். ஆனால் திங்கட்கிழமைகளில் ஸூம் வழியாக நடைபெறும் மீளாய்வுக் கூட்டத்தில், எங்கள் கிளைக்கு வரவேண்டிய நிலுவைகளைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டால், விடை கையில் இருந்தும், அதனை மனத்துக்குள் தமிழில் அமைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, வினைச்சொல்லின் காலம் சரிதானா என்று பார்த்து முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த கிளைக்குப் போய்விடுகிறது. என்னோடு சேர்ந்த காலத்திலேயே வேலைக்கு வந்த இன்னொருவர், கணக்கில் என்னைவிடக் கூடுதலாகத் தெரிந்தவர் என்று சொல்ல முடியாவிட்டாலும், தயங்காமல் கதைக்கிறார் என்பதனாலேயே முகாமையாளர்களின் கவனத்தைப் பெறுகிறார்.

நகரில் பேச்சு ஆங்கில வகுப்புகளுக்குக் குறைவில்லை. நான் சென்று பார்த்த வகுப்பில், தன்னை அறிமுகம் செய்தல், விருப்பமான விளையாட்டைப் பற்றிச் சொல்லுதல் ஆகியவற்றைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. சிலர் வெளிநாடு செல்பவர்கள் எழுதும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக்கான வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். சிலர் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா படிக்கச் சொல்கிறார்கள். வெளிநாடு போகும் எண்ணம் எனக்கு இல்லை. வேலைத்தலத்தில் ஆங்கிலத்தைக் கையாளப் பழகியவர்கள், எந்த வழி உண்மையில் கைகொடுத்தது என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.

கல்முனை ஆசிரியர் (ஓய்வுநிலை):

தம்பி, உங்கள் நிலைக்கு நீங்கள் மட்டும் காரணம் அல்லர். நமது பாடசாலைகளில் 3ஆம் தரத்திலிருந்து ஆங்கிலம் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. க.பொ.த. சாதாரண தரம் வரை எண்ணினால் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் அந்தப் பரீட்சை வாசிப்பையும் எழுத்தையுமே சோதித்து வந்திருக்கிறது. மாணவர் வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டிய தேவையே அதில் இருந்ததில்லை. உயர் தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் உண்டு. அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்வதில்லை என்பதால், பிள்ளைகள் அதனைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எழுதத் தெரிந்து, கதைக்கத் தெரியாத ஒரு தலைமுறை இப்படித்தான் உருவானது.

மட்டக்களப்பு நகரத்துக்கு ஆங்கிலம் புதிதன்று. மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் 1814இல் வில்லியம் ஓல்ட் வந்த காலத்துக்குப் போகிறது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கப்பட்டது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அந்தக் கல்லூரியில் படித்து, ஆங்கிலத்தில் அறிவியல் பட்டம் பெற்று, தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். ஆனால் அந்த வளம் நகரத்தின் சில பாடசாலைகளுக்குள் நின்றுவிட்டது. வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால், ஆங்கில ஆசிரியரே இல்லாமல் ஆண்டுகளைக் கழித்த பாடசாலைகளைக் கண்டிருக்கிறேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், தயக்கத்தை மூளைக் குறைவு என்று எண்ணிக்கொண்டு வருந்துகின்ற இளைஞர்கள் பலரை நான் சந்திப்பதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐஈஎல்டிஎஸ் என்பது ஒரு பரீட்சை. அதன் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடங்கள் நடக்கும்; உங்கள் ஊர், பொழுதுபோக்கு, பொதுவான ஒரு விடயம் ஆகியவற்றைக் கேட்பார்கள். நிலுவைப் பட்டியலை விளக்க அது உங்களைப் பழக்காது. இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா நல்ல அடித்தளம் தரும் பாடநெறி. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் அதன் நிலையங்கள் இயங்குவதால், அடுத்த முறை எந்தப் பாடநெறிகளுக்கு விண்ணப்பம் கோருகிறார்கள் என்று நேரில் விசாரியுங்கள். எனினும் அது ஆசிரியராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ வர விரும்புபவருக்கே கூடுதலாகப் பொருந்தும்.

என்னுடைய ஆலோசனை வாசிப்பு. நாளாந்தம் ஒரு பக்கத்தையாவது உரக்க வாசியுங்கள். இலக்கணம் உறுதியாகாமல் பேச்சு உறுதியாகாது.

சம்மாந்துறை ஆலை:

ஆசிரியர் ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் இலக்கணம் உறுதியான பின்புதான் கதைக்கலாம் என்று காத்திருந்தால், வேலைக்குப் போகின்றவருக்கு அந்த நாள் வராது. அரிசி ஆலையொன்றின் கந்தோரில் கொள்வனவு, விற்பனைத் தொலைபேசிகளைக் கவனிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் வேலையில் நட்டம் இலக்கணப் பிழையால் வந்ததில்லை. விளங்காததை விளங்கியது போல "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்ததால்தான் வந்திருக்கிறது.

ஓர் உதாரணம் தருகிறேன். கொழும்பிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் மூடை எண்ணிக்கை சொல்கிறார். அவர் சொன்னது ஃபிஃப்டீன். இங்கே எழுதப்பட்டது ஃபிஃப்டி. லொறி ஏற்றப்படும் வேளையில்தான் விடயம் வெளிவந்தது. இந்த இரண்டு எண்களும் நம் காதுக்கு ஒன்றுபோல் கேட்பதற்குக் காரணம் உண்டு. முதலாவதில் அழுத்தம் சொல்லின் பின்பகுதியில் விழுகிறது. இரண்டாவதில் முன்பகுதியில் விழுகிறது. தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றினால் பொருள் மாறுவதில்லை என்பதால், நாம் அதைக் கவனித்துக் கேட்கப் பழகவில்லை. தேர்ட்டீன், தேர்ட்டி முதல் நைன்டீன், நைன்டி வரை இதே சிக்கல்தான். அதன் பிறகு எங்கள் கந்தோரில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். எண்ணைக் கேட்டவுடன் இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்வோம்: "ஜஸ்ட் டு கன்ஃபேர்ம், ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன் பேக்ஸ்." பெயர்களுக்கும் அப்படியே. தொலைபேசியில் பி, வி, டி ஆகிய எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பும் என்பதால், "வி ஃபோர் விக்டர், பி ஃபோர் பிராவோ" என்று விமானத் துறையினர் சொல்கின்ற முறையில் எழுத்துக்கூட்டிச் சொல்கிறோம்.

இதைச் செய்கின்ற எங்கள் இளைஞர் ஒருவருடைய ஆங்கிலத்தில் இன்றைக்கும் பிழைகள் உண்டு. ஆயினும் கொழும்பு வாடிக்கையாளர்கள் அவரைத்தான் கேட்டு எடுக்கிறார்கள்.

வாவிக்கரையான்:

இருவருக்கும் நன்றி. சம்மாந்துறை நண்பர் சொல்வது தொலைபேசிக்குப் பொருந்தும். பலர் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டால், இவனுக்கு ஆங்கிலமும் தெரியாது, வேலையும் தெரியாது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

விடுதித் தாதி (மட்டக்களப்பு):

தம்பி, எங்கள் துறையில் திருப்பிக் கேட்காமல் விடுவதுதான் குற்றம். வைத்தியர் தொலைபேசியில் ஒரு மருந்தின் அளவைச் சொன்னால், அதை எழுதி, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் சரியென்று சொன்ன பின்பே கொடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். அதைப் பார்த்து எந்த வைத்தியரும் தாதிக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைப்பதில்லை.

நோயாளர் பாதுகாப்பைப் பற்றிய வகுப்புகளில் 1977ஆம் ஆண்டு மார்ச் 27இல் ஸ்பெயினுக்குரிய டெனரீஃப் தீவில் நடந்த விமான விபத்தைச் சொல்வார்கள். ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம் உட்படப் பல காரணங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, நெதர்லாந்து விமானத்திலிருந்து சொல்லப்பட்ட ஆங்கில வாக்கியத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் வேறு விதமாக விளங்கிக்கொண்டு "ஓகே" என்று தொடங்கிப் பதில் சொன்னது. இரு பக்கத்தாருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. இருவருமே தேர்ந்த தொழில்வல்லுநர்கள். அதற்குப் பின்னர்தான், விமானிகளும் கோபுரத்தாரும் பயன்படுத்தும் வாக்கியங்களை மேலும் இறுக்கமாக வரையறுத்தார்கள். அனுமதியை வெறுமனே ஏற்றுக்கொள்ளாமல் முழுமையாகத் திருப்பிச் சொல்லும் முறையையும் வலியுறுத்தினார்கள். நாம் வெட்கப்பட்டுக்கொண்டு செய்யத் தயங்குகின்ற அதே காரியத்தை அந்தத் துறை சட்டமாக்கி வைத்திருக்கிறது.

ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் வித்தியாசம் உண்டு. "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்று மட்டும் சொன்னால் எல்லாமே விளங்கவில்லை என்று பொருள்படும். விளங்கிய பகுதியை முதலில் சொல்லிவிட்டு, விளங்காத பகுதியைக் குறிப்பாகக் கேளுங்கள்: "ஐ காட் த பார்ட் அபௌட் த மார்ச் இன்வொய்சஸ். குட் யூ ரிபீட் த டேட், ப்ளீஸ்?" இப்படிக் கேட்பவரைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் மதிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். ஒரு நோயாளியின் நிலையை வைத்தியருக்கு அறிவிக்க எஸ்பார் என்ற ஒழுங்கைப் பயன்படுத்துகிறோம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி, கைசர் பெர்மனென்டே என்ற அந்நாட்டு மருத்துவ நிறுவனத்தின் வழியாக உலகெங்கும் மருத்துவமனைகளுக்குப் பரவிய முறை இது. இப்போது என்ன நிலை, அதன் பின்னணி என்ன, என் மதிப்பீடு என்ன, என்ன செய்ய வேண்டும் என்று நான்கு படிகளாகச் சொல்ல வேண்டும். எனக்கு இது தந்த நன்மை மருத்துவம் சார்ந்தது மட்டுமன்று. நடு இரவில், மாற்று மொழியில், பதற்றத்தோடு பேச வேண்டிய நேரத்தில், அடுத்து என்ன சொல்வது என்று தேட வேண்டியதில்லை. வாக்கியம் தடுமாறினாலும் வரிசை தடுமாறாது. உங்கள் நிலுவைகளையும் இதே வரிசையில் சொல்லலாம். கூட்டத்துக்கு முன்னர் நான்கு வாக்கியங்கள் எழுதி, அவற்றை உரக்கச் சொல்லிப் பழகிப் பாருங்கள்.

ஏறாவூர் நிரலாளர்:

தாதி அக்கா சொன்னதை என் துறையிலிருந்து உறுதிப்படுத்துகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். எங்களுக்கு நாளாந்தம் ஒரு குறுகிய கூட்டம் உண்டு. அதில் ஒவ்வொருவரும் நேற்று முடித்தது, இன்று செய்யப்போவது, தடையாக இருப்பது ஆகிய மூன்றை மட்டும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அந்த மூன்றையும் எழுதி வைத்து வாசித்தேன். நாள்தோறும் அதே வாக்கிய அமைப்புகள் திரும்பத் திரும்ப வந்ததால், தாளைப் பார்க்கின்ற தேவை தானாகவே குறைந்துபோனது. மனத்துக்குள் தமிழிலிருந்து மொழிபெயர்ப்பதும் அப்போதுதான் நின்றது. சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டிருந்த இடத்தில், முழு வாக்கியங்களே ஆயத்தமாக வந்து விழத் தொடங்கின.

ஆகவே வாவிக்கரையான் செய்ய வேண்டிய முதல் வேலை, தன் கூட்டத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளைப் பட்டியலிடுவது. கணக்குப் பிரிவில் அவை எண்ணற்றவையாக இருக்க முடியாது. யார் தரவில்லை, எவ்வளவு, எப்போது தருவார், ஏன் தாமதம், நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதைச் சுற்றித்தான் அவை வரும். ஸூம் கூட்டத்தைப் பதிவு செய்ய உங்கள் நிறுவனம் அனுமதித்தால், அதனைத் திரும்பக் கேளுங்கள். உங்கள் முகாமையாளர்கள் எந்தச் சொற்றொடர்களைப் பயன்படுத்துகிறார்களோ அவையே உங்கள் பாடப்புத்தகம். பிபிசியின் ஆங்கிலம் கற்கும் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆறு நிமிட உரையாடல்களையும் கேட்கலாம். ஆனால் செவிக்குப் பயிற்சியாக மட்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று பலரும் மின்னஞ்சலை அவற்றிடமே எழுதி வாங்குகிறார்கள். அதனால் எழுத்து மெருகாகிறது. பேச்சு அதே இடத்தில் நிற்கிறது. மின்னஞ்சலில் மிக நேர்த்தியாக எழுதுகின்ற ஒருவர் அழைப்பில் வாய் திறக்கத் தயங்கும்போது வாடிக்கையாளருக்கு ஐயம் எழுகிறது. நான் செய்வது, முதலில் நானே எழுதிவிட்டு, பிழைகளைத் திருத்தி ஏன் திருத்தினாய் என்று விளக்கச் சொல்லிக் கேட்பது. வாடிக்கையாளரின் பெயரையோ தொகைகளையோ அவற்றில் இடுவது கூடாது. கணக்குப் பிரிவினர் இதில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும்.

அறுகம்பே ஊழியர்:

எனக்கு நேர்மாறான பிரச்சினை. பொத்துவில் அறுகம்பேயில் விடுதியொன்றில் முன்வரவேற்புப் பகுதியில் வேலை. அலைச்சறுக்கு வீரர்கள் வருகின்ற பருவத்தில் காலை முதல் இரவு வரை ஆங்கிலத்திலேயே கதைக்கிறோம். பாடசாலையை இடையில் விட்டவர்கள்கூட இங்கே சரளமாகப் பேசுவார்கள். ஆனால் அது கடற்கரையில் கேட்டுப் பழகிய ஆங்கிலம். முன்பதிவை இரத்துச் செய்த ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினால், "நோ ப்ரொப்ளம் ப்ரதர்" என்ற தொனியில் பதில் எழுத முடியாது. எழுத்தில் எந்த அளவு மரியாதை, எந்த அளவு உறுதி என்பதை நான் பழைய முகாமையாளர் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல்களைப் பார்த்தே கற்றேன். நன்றாகக் கதைக்கிறோம் என்பதால் கற்றுமுடித்துவிட்டோம் என்று நினைக்கும் எங்கள் இளைஞர்கள், மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இந்த இடைவெளியை உணர்கிறார்கள்.

வெல்லாவெளிப் பட்டதாரி:

இங்கே யாரும் தொடாத ஒன்றை எழுதுகிறேன். கதைத்துப் பழகுங்கள் என்கிறீர்கள், யாரோடு? நான் அரச அலுவலகமொன்றில் கடமையாற்றும் பெண். நகரத்தில் மாலை வகுப்பு முடிந்து வெளியே வந்தால், எங்கள் பக்கத்துக்குப் பேருந்து கிடைப்பதில்லை. கந்தோரில் சக உத்தியோகத்தரோடு இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் கதைத்தால், "இங்கிலீசு காட்டுகிறாள்" என்று பேச்சு வரும். பிழையாகக் கதைத்தால் சிரிப்பு, சரியாகக் கதைத்தால் பெருமை பிடித்தவள் என்ற பட்டம். இந்த இரண்டுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். ஆங்கில வகுப்பைவிட, சிரிக்காத நான்கு பேர்தான் எங்களுக்குத் தேவை.

மேலும் அரச சேவையில் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தைவிடச் சிங்களம் முதலில் வந்து நிற்கிறது. 2007 ஜூலைக்குப் பின் நியமனம் பெற்றவர்கள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். மாவட்டத்துக்கு வெளியே நடக்கும் கூட்டங்கள் ஆங்கிலத்தில் தொடங்கினாலும் சிறிது நேரத்தில் சிங்களத்துக்குப் போய்விடுகின்றன. அங்கே என்ன செய்வது?

கல்முனை ஆசிரியர்:

மகள், உங்கள் பதிவை வாசித்து மிகவும் வருந்தினேன். கேலி ஒரு பிள்ளையின் வாயை எத்தனை ஆண்டுகளுக்குப் பூட்டிவிடும் என்பதை வகுப்பறையில் கண்டவன் நான். இந்தப் பழக்கத்தை நம் சமூகம் கைவிட வேண்டும். வீட்டிலும் கந்தோரிலும் மூத்தவர்கள் முன்னின்று நிறுத்த வேண்டும்.

கூட்டம் சிங்களத்துக்குப் போனால், தயங்காமல் ஆங்கிலத்தில் தொடரும்படி கேளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்று அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரையில் சேர்த்தது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகையன்று. "குட் வி கன்டினியூ இன் இங்கிலிஷ், ப்ளீஸ், சோ தட் ஐ கேன் கன்ட்ரிபியூட்?" என்றால் போதும், கேட்பதற்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்வதால் எவரும் தவறாக எடுத்துக்கொள்ள இடமில்லை. சிங்களமும் படியுங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சம்மாந்துறை நண்பரின் பதிவுக்கும் பதில் சொல்ல வேண்டும். வேலையில் இருக்கும் ஒருவர் இலக்கணத்துக்காகக் காத்திருக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இலக்கணம் தேவையில்லை என்ற இடத்துக்குப் போய்விட வேண்டாம். பணம் "வந்தது", "வந்திருக்கிறது", "வரும்" ஆகிய மூன்றையும் வேறுபடுத்தாத கணக்காளரால் நிறுவனம் பிழையான முடிவெடுக்கும். எல்லா இலக்கணமும் ஒரே நேரத்தில் வேண்டியதில்லை. உங்கள் வேலை எந்தக் காலங்களில் நடக்கிறதோ அவற்றை மட்டும் முதலில் உறுதியாக்குங்கள்.

விடுதித் தாதி:

வெல்லாவெளித் தங்கச்சிக்கு: எங்கள் விடுதியில் சிலர் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு சிறு குழுவை நடத்துகிறோம். ஒருவர் தன் வேலையைப் பற்றி ஒரு நிமிடக் குரல் பதிவு இடுவார். மற்றவர்கள் அதைப் பற்றி ஒரு கேள்வியைக் குரலிலேயே கேட்பார்கள். அவர் பதில் சொல்வார். எழுத்தில் பதில் இடக்கூடாது. குரல் பதிவுக்குப் பேருந்து தேவையில்லை, சமையல் முடிந்த பின்னும் செய்யலாம். திருத்துவதில் நாங்கள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம்: பொருளை மாற்றுகின்ற பிழையை மட்டும் திருத்துவது, "த" விடுபட்டது போன்றவற்றை அப்படியே விட்டுவிடுவது. எல்லாவற்றையும் திருத்தியபோது ஆட்கள் குழுவிலிருந்து விலகினார்கள். நீங்கள் விரும்பினால், இங்கே எழுதுகின்ற பெண்களைக் கொண்டு அப்படியொரு குழுவைத் தொடங்க நான் உதவுகிறேன்.

வெல்லாவெளிப் பட்டதாரி:

மிக்க நன்றி அக்கா, நான் சேர்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இன்னும் இருவரைக் கேட்டுப் பார்க்கிறேன்.

ஏறாவூர் நிரலாளர்:

மின்னஞ்சலைப் பற்றியும் ஒரு குறிப்பு. வாவிக்கரையான் நேரமெடுத்து எழுதுவதாகச் சொன்னார். நாம் தமிழில் உத்தியோகக் கடிதம் எழுதும்போது, வணக்கம் கூறி, பின்னணியை விளக்கி, காரணங்களை அடுக்கி, இறுதியில் "ஆகவே தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று கோரிக்கைக்கு வருவோம். அது நம் மரபு. அதில் ஓர் அடக்கம் இருக்கிறது. அதே ஒழுங்கில் ஆங்கில மின்னஞ்சல் எழுதினால், கைத்தொலைபேசியில் முதல் இரண்டு வரிகளை மட்டும் பார்க்கின்ற முகாமையாளர் கோரிக்கையைக் காணாமலேயே மூடிவிடுவார். முதல் வரியில் வேண்டியது என்ன, எப்போதைக்கு வேண்டும் என்று எழுதுங்கள். பின்னணி அதன் கீழே வரட்டும். ஒரு மின்னஞ்சலில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். எழுதும் நேரமும் பாதியாகக் குறையும்.

வாவிக்கரையான்:

இத்தனை அக்கறையோடு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தாதி அக்கா சொன்ன நான்கு படிகளை வைத்து, அடுத்த கூட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். திருத்தித் தருமாறு கேட்கிறேன்:

"ரிகார்டிங் அவுட்ஸ்டாண்டிங், வி ஹாட் த்ரீ ஓவர்டியூ அக்கவுண்ட்ஸ். டூ கஸ்டமர்ஸ் ஹாவ் பெய்ட் லாஸ்ட் வீக். ஒன் கஸ்டமர் இஸ் நொட் பேயிங், வி ஆர் டெல்லிங் டு ஹிம் மெனி டைம்ஸ். ப்ளீஸ் அட்வைஸ்."

கல்முனை ஆசிரியர்:

விடயம் முழுவதும் இருக்கிறது தம்பி, நல்ல தொடக்கம். "லாஸ்ட் வீக்" என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டால் "ஹாவ் பெய்ட்" வராது. "டூ கஸ்டமர்ஸ் பெய்ட் லாஸ்ட் வீக்" என்பதே சரி. பல தடவை சொன்னோம் என்பதற்கு "வி ஹாவ் ரிமைண்டட் ஹிம் செவரல் டைம்ஸ்" என்று எழுதுங்கள். இங்கே எந்த நாள் என்று குறிப்பிடவில்லை, காரியமும் இன்னும் முடியவில்லை என்பதால் "ஹாவ்" பொருந்தும். "டெல்லிங் டு ஹிம்" என்பதில் "டு" வராது.

விடுதித் தாதி:

மொழியை ஆசிரியர் ஐயா திருத்திவிட்டார். நான் உள்ளடக்கத்தைச் சொல்கிறேன். நான்காவது படியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். "ப்ளீஸ் அட்வைஸ்" என்பது முடிவை மற்றவர் தலையில் வைப்பது. நீங்கள் கிளையில் இருக்கிறீர்கள். அந்த வாடிக்கையாளரை உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் பரிந்துரையைச் சொல்லுங்கள்: "ஹி ஹாஸ் ப்ரொமிஸ்ட் டு பே பை ஃப்ரைடே. இஃப் ஹி டஸ் நொட், ஐ சஜெஸ்ட் வி ஹோல்ட் ஹிஸ் நெக்ஸ்ட் ஓர்டர்." கூட்டத்தில் உங்களைக் கவனிக்க வைப்பது இந்த வாக்கியம்தான், உச்சரிப்பு அன்று.

வாவிக்கரையான்:

இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டேன். இன்றிரவே குரலில் பதிவு செய்து பழகுகிறேன். கடைசியாக ஒரு கேள்வி. நான் ஆயத்தம் செய்யாத எதையாவது கேட்டால் என்ன சொல்வது? உதாரணமாக, கடந்த ஆண்டு இதே மாதத்தில் நிலுவை எவ்வளவு இருந்தது என்று கேட்டால், தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

சம்மாந்துறை ஆலை:

அதற்கு அமைதியாக இருப்பதும் கூடாது, உத்தேசமாக ஒரு தொகையைச் சொல்வதும் கூடாது. "ஐ டோன்ட் ஹாவ் தட் ஃபிகர் வித் மி நவ். ஐ வில் சென்ட் இட் பை டூ ஓ'க்ளொக் டுடே" என்று நேரத்தோடு சொல்லுங்கள். இதை இப்போதே மனனம் செய்து வையுங்கள். எந்தத் துறையிலும், எந்தக் கூட்டத்திலும் இந்த இரண்டு வாக்கியங்களும் மாறாமல் பயன்படும். பின்னர் இரண்டு மணிக்கு முன்பாக அந்தத் தொகையை ஒரே வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள். கேட்டவருக்கு மட்டும் அனுப்பாமல் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அனுப்புங்கள், ஏனென்றால் உங்களிடம் அந்த விடை இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் எல்லோரும்தான்.